காது கேளாத எத்தீமுக்கு நாம் கொடுக்காதது

ரமளான் பிறை தெரிந்துவிட்டால் போதும், கம்பம் பள்ளத்தாக்கில் நம் இளைஞர்களின் வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். தேனி, பெரியகுளம், ஏன், மதுரையிலிருந்தும்கூட வருவார்கள். சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர் என்று ஊர் ஊராக நிற்பார்கள். எத்தீம் பிள்ளைகளின் பட்டியல் கையில் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு ஜோடித் துணி, ஐந்து கிலோ அரிசி, பேரீச்சம்பழப் பொட்டலம், ஒரு ஸ்கூல் பை. தலையைத் தடவிக் கொடுத்து, துஆச் செய்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவார்கள்.

நல்ல காரியம். அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேனில் போகிறவர்களை விமர்சிப்பவர்கள் நம் சமுதாயத்தில் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் சகோதரர்களே, அந்தப் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே 'வாய் பேசாது' என்று பென்சிலால் எழுதியிருக்குமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த வீட்டு வாசலில் என்ன நடக்கிறது? "பேரு என்ன தம்பி?" என்று கேட்கிறோம். பிள்ளை நம் முகத்தையே பார்க்கிறது. "அவனுக்குக் காது கேக்காது தம்பி" என்கிறார் தாய். உடனே நாம் குரலை உயர்த்தி இன்னொரு தடவை கேட்கிறோம். (காது கேளாதவரிடம் கத்திப் பேசினால் கேட்டுவிடும் என்று நம்மில் படித்தவர்களும் நம்புகிறார்கள்!) பிறகு பொட்டலத்தைக் கையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். மற்றப் பிள்ளைகளிடம் என்ன வகுப்பு, ஓதப் போகிறாயா என்றாவது கேட்டோம். இந்தப் பிள்ளையிடம் நாமும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் இதே கதைதான்.

அந்தப் பிள்ளைக்குத் துணி குறைவாக இருக்கலாம், அரிசி குறைவாக இருக்கலாம். அடியோடு இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் மொழி. தமிழ் இல்லை, உருது இல்லை, சைகை மொழியும் இல்லை.

இதைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். காது கேட்கும் பிள்ளைக்கு யாரும் மொழியைப் 'பாடம்' எடுப்பதில்லை. தாய் அடுப்படியில் பேசுவது, பாட்டி திட்டுவது, தெருவில் காய்கறிக்காரர் கூவுவது எல்லாம் காதில் விழுந்து விழுந்து மூன்று வயதில் அது கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறது. காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவை. அந்த வீட்டில் எல்லோரும் பேசுவது வாயால். பிள்ளைக்கு எட்டுவது கண்ணால். ஆகவே வீட்டுக்குள் நாலைந்து சாடைகள் உருவாகின்றன: சாப்பிடு, வா, படு, அடிப்பேன். அவ்வளவுதான். 'நேற்று' என்பதற்குச் சாடை இல்லை. 'ஏன்' என்பதற்குச் சாடை இல்லை. பிறந்ததிலிருந்து ஐந்து ஆறு வயது வரை உள்ள காலம்தான் மனித மூளை மொழியை முழுமையாக வாங்கிக்கொள்ளும் காலம். அந்தக் காலம் வெறுமையாகக் கழிந்துவிட்டால் பிறகு எவ்வளவு முயன்றாலும் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. பிள்ளையின் அறிவில் குறை ஒன்றும் இல்லை. அறிவு ஏறி வரும் படிக்கட்டைத்தான் நாம் கட்டவில்லை.

இனி, அந்தப் பிள்ளை எத்தீமாகவும் இருந்தால்?

ஒரு நாள் வீட்டில் கூட்டம் கூடுகிறது. எல்லோரும் அழுகிறார்கள். சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அன்றிலிருந்து அத்தா வீட்டுக்கு வரவில்லை. காது கேட்கும் பிள்ளை, "அத்தா எப்பம்மா வரும்?" என்று கேட்கும். "அத்தா அல்லாஹ்கிட்ட போயிட்டாங்க" என்று தாய் அழுதுகொண்டே சொல்வாள். காது கேளாத பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? எந்தச் சாடையில் சொன்னார்கள்? அத்தாவை எங்கே கொண்டு போனார்கள், ஏன் திருப்பிக் கொண்டு வரவில்லை, தன் மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டாரா என்று அது எத்தனை வருடம் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கும்? தகப்பன் இறந்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லாத எத்தீமுக்கு நாம் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அனுமந்தன்பட்டி போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே உள்ள பேரூராட்சி. இந்தப் பக்கத்துக் கைம்பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்? திராட்சைத் தோட்டத்தில் கூலி, இல்லாவிட்டால் விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் கூலி. அந்தத் தாய்க்குச் சைகை மொழி என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் கற்க நேரம் ஏது? ஓர் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும், அதிகம் போனால் இரண்டு. அடுத்த பிள்ளை கோம்பையில் இருக்கும், இன்னொன்று க.புதுப்பட்டியில் இருக்கும். ஒன்றை ஒன்று பார்த்தே இருக்காது. தன்னைப் போல் இன்னொரு மனிதர் உலகத்தில் உண்டு என்றே தெரியாமல் வளரும். ஊரில் அதற்குப் பெயரும் கிடையாது. 'ஊமையன்', 'ஊமச்சி' என்பதுதான் பெயர். அகீகா கொடுத்து வைத்த பெயர் ரேஷன் கார்டில் தூங்குகிறது.

ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் நிகராகுவா என்றொரு ஏழை நாடு. அங்கே 1970களின் இறுதியிலும் 1980களிலும் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து, சிதறிக் கிடந்த பிள்ளைகளை முதல் தடவையாக ஒரே இடத்தில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைச் சொல்லிக் கொடுத்தார்கள். அது பெரிதாக ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சாடைகளை ஒன்றோடொன்று கலந்து பேச ஆரம்பித்தார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை இலக்கணத்தோடு கூடிய முழு மொழியாகவே வளர்த்துவிட்டார்கள்! அல்லாஹ் மனிதனுக்குள் வைத்திருக்கும் ஆற்றல் அது. அதற்குத் தேவை இன்னொரு மனிதர், அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி நம்மவர்களிடமே இருக்கிறது. நெகேவ் பாலைவனத்தில் அல்-ஸையித் என்ற பதவீ முஸ்லிம் கிராமம். 2005-ல் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியபோது சுமார் 3,500 பேர் வாழ்ந்த அந்த ஊரில் 150 பேர் அளவுக்குப் பிறவியிலேயே காது கேளாதவர்கள். மூன்று தலைமுறைக்குள் அந்த ஊரே ஒரு சைகை மொழியை உண்டாக்கிக்கொண்டது. காது கேட்கும் சிற்றப்பனும் மாமியும் அண்டை வீட்டாரும் சேர்ந்து சைகையில் பேசுகிறார்கள். அங்கே காது கேளாதவர் தனியாள் இல்லை. பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத பாலைவனத்து மக்களால் முடிந்தது, கல்லூரியும் மதரஸாவும் வைத்திருக்கும் நம்மால் முடியாதா? உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் 1956-ல் கல்லூரியை எழுப்பிய சமுதாயம் இது என்பதை மறந்துவிட வேண்டாம்.

சைகையும் ஷரீஅத்தும்

சைகை என்றால் நம்மில் சிலருக்குக் கேலியாக இருக்கிறது. ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தமக்கு மகன் பிறப்பான் என்பதற்கு அடையாளம் கேட்டபோது, மூன்று நாட்கள் மனிதரிடம் வாயால் பேசாமல் சாடையால் மட்டும் பேசும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. தம் சமூகத்தாருக்குச் சாடையாலேயே தஸ்பீஹ் செய்யச் சொன்னார்கள். மர்யம் (அலை) அவர்களை ஊரார் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டபோது, அவர்களும் வாய் திறக்காமல் தொட்டில் குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். இவை குர்ஆனில் உள்ள சம்பவங்கள். எந்த ஆலிமும் இதை மறுக்க முடியாது.

ஃபிக்ஹுக்கு வாருங்கள். ஊமையின் அறியப்பட்ட சைகை, நாவால் சொல்லப்படும் வாக்குக்குச் சமம் என்பது நம் ஹனஃபி நூல்களில் தெளிவாக உள்ள சட்டம். நிக்காஹ், தலாக், விற்பனை, வஸிய்யத் எல்லாவற்றிலும் அது செல்லும். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சிவில் சட்டத்தில் 70-வது விதி இதுதான். அதே உஸ்மானியரின் தோப்காப்பி அரண்மனையில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் காது கேளாதோர் பலர் பணியில் இருந்தார்கள். சுல்தான் முன்னிலையில் சத்தமாகப் பேசக் கூடாது என்பதால் அரண்மனைப் பணியாளர்களும் சைகை கற்றுக்கொண்டார்கள். சுல்தான்களிலும் அதைக் கற்றவர்கள் உண்டு.

அந்தச் சட்டத்தில் உள்ள 'அறியப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். சைகை அறியப்பட்டதாக இருக்க வேண்டும். யாருக்கு? காஜிக்கு, வலீக்கு, சாட்சிகளுக்கு. அவர்கள் யாரும் கற்கவில்லை என்றால், ஷரீஅத் அந்தப் பெண்ணுக்குத் திறந்து வைத்த கதவை நாம் சாத்திவிட்டோம் என்றுதான் பொருள். காது கேளாத பெண்ணின் நிக்காஹில், "தலையாட்டியாச்சு, எழுதுங்க ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, மணமகன் யார், மஹர் எவ்வளவு என்பதை அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? சொத்திலும் இதே நிலைமை. எத்தீமுக்குப் பகுத்தறிவு முதிர்ந்ததும் அவன் பொருளை அவனிடம் ஒப்படைக்கச் சொல்கிறது ஸூரத்துந் நிஸா. காது கேளாத எத்தீம் என்றால், "அவனுக்கு என்ன தெரியும்" என்று சொல்லியே முப்பது வயது வரையிலும் தோப்பும் கடையும் பெரியத்தாவின் கையில் இருக்கிறது.

நம் பயான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்-பகராவின் ஆரம்பத்தில் செவிடர், ஊமையர், குருடர் என்று வரும் இடத்தை விளக்கும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் உண்மையான காது கேளாதவரையே பார்த்துக் கை நீட்டும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். அந்த வசனம் காது நன்றாகக் கேட்டும் சத்தியத்துக்குச் செவி கொடுக்காதவர்களைப் பற்றியது. அந்தச் செவிடர்கள் பெரும்பாலும் வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

சொல்ல முடியாத பிள்ளை

மொழி இல்லாத பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எழுதவே கை கூசுகிறது. 2018-ல் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காது கேட்கும் திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்குப் பல மாதங்களாகப் பலரால் நடந்த கொடுமையை நாடே அறியும். 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கொடியவர்கள் இப்படிப்பட்ட பிள்ளையைத் தேடிப் பிடிப்பது ஏன்? வெளியே சொல்ல மாட்டாள், சொன்னாலும் யாருக்கும் புரியாது என்ற தைரியம்தான். வாய் பேச முடியாதவர் எழுத்தாலோ சைகையாலோ சாட்சி சொல்லலாம் என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. சட்டம் சைகையை ஏற்கத் தயார். பிள்ளையின் கையில் சைகை இருக்க வேண்டாமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தொடர்புமொழியாக ஏற்று, அதில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் காது கேளாதோருக்கு. 2015-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021-ல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. எல்லாம் வீடியோ, செல்போனில் இலவசமாகப் பார்க்கலாம். நம் இளைஞர்கள் ராத்திரி ஒரு மணி வரை செல்போனில் என்னதான் பார்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் கால் மணி நேரம் போதும்.

"சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும்" என்று சிலர் தாய்மாரைப் பயமுறுத்துகிறார்கள். இது 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு கிளப்பிவிட்ட பூதம். பள்ளிகளில் சைகை கூடாது, உதட்டசைவு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கையை அசைத்ததற்காக அடி வாங்கினார்கள். 130 ஆண்டுகள் கழித்து, 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நம் கிராமத்துக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். உரிய வயதில் இருக்கும் பிள்ளையை உடனே க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆனால் கருவி பொருத்தியதும் பேச்சு கொட்டாது. வருடக் கணக்கில் பயிற்சி வேண்டும், பேட்டரியும் உதிரிப் பாகங்களும் வேண்டும். கூலிக்குப் போகும் தாயால் அது நின்றுபோனால் கருவி பீரோவுக்குள் போய்விடும். வயது தாண்டிய பிள்ளைகளோ ஏராளம். எந்த வழியானாலும் சைகை கூடவே இருக்கட்டும்.

(வராமல் தடுப்பது தனி விஷயம். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் காது போகும். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்கள் நம்மிலும் உண்டு. சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் பிறவிச் செவிட்டுக்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்டது கட்டாயமாகிவிடாது.)

வேனில் போகும் முன்

சரி, என்ன செய்யலாம்? இளைஞர்களே, முதலில் போகும் முறையை மாற்றுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை இருபது பேர் போவதை விட, இரண்டு பேர் மாதம் இரண்டு தடவை அதே பிள்ளையிடம் போவது மேல். முகம் பழக வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஆண்கள், பெண் பிள்ளைக்கு நம் சகோதரிகள். போகும் முன் இருநூறு சைகைகளாவது கற்றிருக்க வேண்டும். தன் பெயரைக் கையால் சொல்லத் தெரியாதவர் வேனில் ஏற வேண்டாம். கூடவே காது கேளாத பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். தேனியிலும் மதுரையிலும் தையல் கடையில், அச்சகத்தில், அரசு அலுவலகத்தில் சைகை மொழி நன்கு அறிந்த காது கேளாதோர் வேலை பார்க்கிறார்கள். அவர்தான் ஆசான், நாம் அவருடைய உதவியாளர்கள். வளர்ந்து வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஒரு காது கேளாதவரை அந்தப் பிள்ளை முதல் தடவையாகப் பார்க்கும் நாள், நாம் கொடுத்த பத்துப் பைகளுக்குச் சமம். போகும் இடத்தில் பிள்ளைக்கு மட்டும் கற்பித்துவிட்டுத் திரும்பாதீர்கள். தாய்க்கும், நன்னிக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்பியுங்கள். நீங்கள் இல்லாத இருபத்தெட்டு நாளும் அவர்கள்தான் அந்தப் பிள்ளையோடு பேசப் போகிறார்கள். நம்மவர், மாற்று மதத்தவர் என்று பாராதீர்கள். அந்தத் தெருவில் காது கேளாத வேறு பிள்ளை இருந்தால் அதையும் கூட உட்கார வையுங்கள்; பேச ஆள் கிடைப்பது நம் பிள்ளைக்கும் லாபம்.

ஞாயிறுதோறும் உத்தமபாளையத்தில் ஓர் இடத்தில், சுற்றுப்பட்டியில் உள்ள காது கேளாத பிள்ளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து விளையாட விடுங்கள். மனாகுவாவில் நடந்தது இங்கும் நடக்கும்.

பள்ளி வயதுப் பிள்ளையை நல்ல சிறப்புப் பள்ளியில் சேர்ப்பது அடுத்த கட்டம். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1890களில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு பெண்ணுக்கு நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்த தேவை, பக்கத்துத் தெருவில் இருக்கும் நமக்கு ஏன் தெரியவில்லை? மேல்படிப்புக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பட்டப் படிப்பு இருக்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் புளிக்கல்லில் 2018-ல் திறக்கப்பட்ட மஸ்ஜிதுர் ரஹ்மாவில் ஜும்ஆ குத்பாவைச் சைகை மொழியில் பெயர்த்துக் கொடுக்கிறார்கள். குமுளி ஏறினால் கேரளம். நம் முத்தவல்லிகள் ஏலக்காய் வியாபாரத்துக்கு அடிக்கடி மலை ஏறுகிறார்கள்; ஒரு தடவை இதையும் விசாரித்துவிட்டு வரட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். உத்தமபாளையம் தாலுகா அலுவலகம், காவல் நிலையம், அரசு மருத்துவமனை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். இது பெரிய கோரிக்கை அல்ல. ஓட்டுக் கேட்டு ஜமாஅத்துக்கு வருகிறவர்களிடம் கபரஸ்தான் சுவரோடு இதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு மஸ்அலா. ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பொருளை ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே சைகை மொழி கற்பிக்கும் ஆசிரியரின் சம்பளத்தை ஜகாத்திலிருந்து எடுக்காதீர்கள்; ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் ஸதகாவிலிருந்தே மாதாமாதம் கொடுத்துவிடலாம். பாளையங்கோட்டைக்குப் போய்வரும் பஸ் கட்டணம், உடை, கருவிக்குரிய பேட்டரி ஆகியவற்றுக்கான தொகையை ஜகாத்திலிருந்து அந்த எத்தீமுக்காக அதன் தாயின் கையில் கொடுங்கள். கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். பிள்ளையின் படத்தை ஒட்ட வேண்டாம்.